பதினொரு விநாடி

நான்கு நிமிடத்துக்கு மேல் ஒரு விநாடியும் கூடாது
என்றது விதி ஒன்பது.
எங்கள் பாட்டு
நாலு நிமிடம் பதினொரு விநாடி.

ஜெலுத்தோங்கில்
ஊய்யின் டயர்க் கடைக்கு மேல்மாடி.
சுவரெல்லாம் முட்டைத் தட்டு,
ஏர்கானில் சொட்டும் தண்ணீருக்கு ஒரு மைலோ டின்.
மணி மூன்றரை.
அவர்கள் ஊர் நள்ளிரவு
நமக்குக் காலை ஏழுதானா என்று
கோகிலவாணி மூன்றாம் முறையாகப் பார்த்துக்கொண்டாள்.

படிவம் முதலில் பெயர் கேட்டது.
முட்டுச்சந்து.
ஆங்கில எழுத்தில் அடித்தால்
யாரோ தும்மியது போலிருந்தது.
"தும்மிட்டுப் போகட்டும் லா" என்றான் தர்விந்திரன்.
நாடு, இருந்தது.
மொழி, எவ்வளவு உருட்டியும் வரவில்லை.
இங்கே படிவங்களில் மூன்றாம் கட்டத்துக்காரர்கள்
அங்கே கடைசிக் கட்டத்துக்கு நகர்ந்து
'மற்றவை'யில் உட்கார்ந்தோம்.

பாட்டு, இரவு வேலைக்கு
பாயான் லெப்பாஸ் போகும் தொழிற்சாலை பஸ்ஸைப் பற்றியது.
பலகையில் சில்லு பதிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில்
பன்னிரண்டு மணி நேரம் நின்று
தர்விந்திரன் காதில் வாங்கி வந்த தாளம்.
அது எங்கேயும் ஓய்வெடுக்காது.
ஓர் இடத்தில் மட்டும் நிற்கும்.
கடைசிப் பல்லவிக்கு முன்னால்
பஸ் நிற்கிறது,
கதவு திறக்கிறது,
யாரும் ஏறவில்லை.
அவ்வளவு நேரம் சும்மா இருப்போம்.

எதை வெட்டுவது?
என் கிட்டார் தனியாக இருபத்திரண்டு விநாடி.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் முட்டைத் தட்டுகளை எண்ணினேன்.
தொடக்கத் தாளத்தை எடுக்கலாமே என்றேன்.
தலையை எடுத்துவிட்டு
முண்டத்தை எப்படிடா அடையாளம் காட்டுவ என்றான்.
அடையாள அட்டையில் மட்டும் சிரிக்காத அக்கா
என்ற வரியைத் தொட்டால்
நானும் இல்லை என்றாள் கோகி.
ஐந்து மணிக்கு
கெட்ட வார்த்தைகள் மூன்று மொழியிலும் தீர்ந்தன.

அப்போது யார் சொன்னதென்று
இன்றுவரை ஒத்துக்கொள்ள ஆளில்லை.
"அந்தச் சும்மா இருக்கிற இடம்?"

அளந்தோம்.
வைத்துத் தைத்ததுபோல் பதினொன்று.
சத்தத்துக்கெல்லாம் சொந்தக்காரர் இருந்தார்கள்,
மௌனத்துக்கு வக்கீல் இல்லை.
திரையில் ஒரு தட்டைக் கோடு,
செத்தவனின் இதயப் படம் மாதிரி.
எலியால் வளைத்து அழுத்தினேன்.
போனது தெரியவில்லை.

ஆறு நாற்பத்தேழுக்கு அனுப்பினோம்.
பதிவு எண் வந்தது, ஐந்து இலக்கத்தில்.
கோகி அதை நான்கு எண் லாட்டரிக்குச் சுருக்கலாமா என்றாள்.
கீழே ஊய் ஷட்டரைத் தூக்க,
முதல் லாரியின் நட்டுகளைக் கழற்றும்
காற்றுத் துப்பாக்கி
எங்கள் பாட்டைவிட நன்றாக அலறியது.

பசியாறப் போன இடத்தில்
ரொட்டி சானாயைப் பிய்க்காமல் வைத்துக்கொண்டு
பேஸ் வாசிக்கும் ஜெரார்டு சொன்னான்,
இரவு முழுக்க வாய் திறக்காத ஜெரார்டு:
"அந்த எடத்துல நான் வாசிக்கிறேன்."
என்ன வாசிக்கிற?
"நாலு கம்பியும் முனகப் பாக்கும்.
உள்ளங்கையால அழுத்திப் புடிச்சிருப்பேன்.
பதினொன்னு எண்ணுவேன்."
பிறகு குழம்பு கேட்டான், மீன் குழம்பு.
யாரும் நிமிரவில்லை.

முடிவு இரண்டு மாதம் கழித்து வந்தது,
வந்ததா என்று தேட வேண்டிய பக்கத்தில்.
நன்றி என்று தொடங்கியதால்
மீதியைப் படிக்கவில்லை.

போன சனிக்கிழமை பட்டர்வொர்த்தில்
ஒரு கல்யாண விருந்து.
பஸ் நிற்கும் இடம் வந்தது.
கரண்ட் போய்விட்டதென்று
மாப்பிள்ளையின் மாமா மேடையைப் பார்த்து ஓடிவந்தார்.
ஒரு மேசையில் கைதட்டினார்கள், முடிந்துவிட்டதாக.
குச்சிகளைத் தூக்கியபடி தர்விந்திரன்,
மூச்சை இழுத்தபடி கோகி,
மூவரும் ஜெரார்டின் கையையே பார்த்தோம்.

உதடு அசைந்தது.
ஒன்பது. பத்து. பதினொன்று.
கை எடுக்கவில்லை.
பன்னிரண்டு.