பாதை விடும் நேரம்

களுவாஞ்சிகுடிப் பிரதான வீதியில்
போட்டோக்கொப்பிக் கடைக்கு மேல் என் அறை.
மூடிய கம்பனிகளின் கடைசிக் கணக்கை
எழுதிக் கொடுப்பது தொழில்.
தும்புத் தொழிற்சாலை, இறால் பண்ணை,
ஒரே வருசத்தில் மூன்று கேக் கடை,
வாடகைக்குக் கதிரை கொடுத்த ஒரு நல்ல மனிசன்.
ஒவ்வொரு கோப்பிலும்
திறப்பு விழாப் படம் ஒன்று கிடக்கும்.
ரிபன், குத்துவிளக்கு,
"சோக்கான யோசனை" என்று சொன்னவர்களின் பல்வரிசை.
வங்கிக் கடிதம் வருகிற நாளில்
அந்தப் பல்லில் ஒன்றையும் காணக் கிடைக்காது.

அதனால்தான் கூப்பிட்டார்களோ தெரியாது,
கல்லடியில், குளிரூட்டிய மண்டபத்தில்,
புதுக் கம்பனிகளுக்கு அபிப்பிராயம் சொல்ல.
என்னோடு இருந்த இரண்டு பேரும்
எல்லாருக்கும் எட்டுக்கு மேல் போட்டார்கள்.
ஒருவர் படங்களின் நிறத்தை மெச்சினார்.
மற்றவர் "இளைஞர் சக்தி" என்று
நாலு தரம் சொன்னார், எண்ணினேன்.

வேணுஜாவும் இம்ஹாஸும் ஆறாவதாக வந்தார்கள்.
செயலியின் பேர் 'அக்கரை'.
எழுவான்கரைக் கடைச் சாமானைப்
படுவான்கரை வீடுகளுக்கு
நாற்பது நிமிசத்தில் சேர்க்குமாம்.
திரையில் வரைபடம் விரிந்தது.
குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கு
நீலத்தின் மேலால் ஒரு நேர்கோடு.
வடிவான கோடு.

மைக்கைக் கிட்ட இழுத்தேன்.
"பிள்ளையள், உங்கட கோடு வாவியில நனையுது.
பாதை, ஆள் சேர்ந்தாத்தான் விடும்.
கச்சான் காத்துக் கிளம்பினா விடாது.
பொழுதுபட்டாக் கட்டிப் போடுவாங்க.
மண்முனைப் பாலத்தால சுத்தினா
நீங்க வாங்குற நூற்றைம்பதுக்கு
இருநூற்றுப் பத்துக்கு எண்ணெய் எரியும்.
ஓட்டத்துக்கு அறுபது ரூபா நட்டம்.
ஆயிரம் ஓட்டம் ஓடினா அறுபதாயிரம்.
வளர வளரக்
கெதியாச் சாகிற கணக்கு இது."

ஏசியின் சத்தம் மட்டும் கேட்டது.
"நீங்க கெட்டிக்காரர்" என்று தொடங்கி
"ஆனா" என்று வளைந்து திரும்ப எனக்கு வராது.
கெட்டித்தனத்தைப் பற்றி ஆர் கேட்டது?
அந்த இரண்டு பேரையும் நான் நிறுக்கவில்லை,
கணக்கைத்தான் நிறுத்தேன்.
இம்ஹாஸின் புதுச் சட்டைக் கழுத்தில்
விலைச்சீட்டின் பிளாஸ்டிக் நூல்
இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.
கண்டேன். அந்த மண்டபத்தில்
சொல்லாமல் விட வேண்டியது அது ஒன்றுதான்.

வேணுஜா அழுவாள் என்று
பக்கத்தில் இருந்தவர் தண்ணீர்ப் போத்தலை நகர்த்தினார்.
அவள் கேட்டாள்:
"அக்கா கடைசியாப் பாதையில ஏறினது எப்ப?"

யோசித்தேன்.
பாலம் திறக்க முந்தி.

"நான் அம்பிளாந்துறை. கிழமைக்கு ஆறு நாள் ஏறுறன்.
கோடு பிழை, ஒத்துக்கொள்றன்.
நாற்பது நிமிசமும் பொய்தான்,
படத்துக்கு எண்டு போட்டது.
ஆனா பின்னேரம் நாலரைப் பாதையில
எங்கட சனம் வெறுங்கையோட வாறல்ல.
பக்கத்து வீட்டுக்குப் பிரஷர் குளிசை,
ஆற்றையோ பிள்ளைக்குச் சப்பாத்து,
தண்ணி மோட்டருக்கு வால்வு.
காசும் வாங்குறல்ல.
அதை நீங்க
எந்தக் கணக்கில எழுதுவீங்க?"

எந்தக் கணக்கிலும் எழுதினதில்லை.
அதையும் மைக்கிலேயே சொன்னேன்.
காது சுட்டது.

மூன்று புள்ளிதான் போட்டேன்.
அவளுடைய கேள்விக்காக ஒன்று கூட்ட மனம் வந்தது.
கூட்டவில்லை, அது கேள்விக்கே மரியாதையில்லை.
குறிப்பில் ஓரிடத்தில்
'அக்கரை' எழுதப் போய்
'அக்கறை' என்று எழுதியிருந்தேன்.
திருத்திவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன்.

சனிக்கிழமை, நாலரைக்குக் கொஞ்சம் முன்,
குருக்கள்மடத் துறையில் நின்றேன்.
யாரும் வரச் சொல்லவில்லை.
இம்ஹாஸ் கொப்பியோடு நின்றான்,
தலைகளை விட்டுவிட்டுப்
பைகளை எண்ணிக்கொண்டு.

"நாப்பத்தேழு" என்றான்.
"நாப்பத்தாறு. அதில ஒண்டு
என்ட வெறும் கைப்பை."

மறுபேச்சில்லாமல் வெட்டி எழுதினான்.
பாதை விட்டது.