உதடு மடிந்த ஓடு

பதினோரு ஆண்டு காப்பீட்டு அலுவலகத்தில்
பிறர் வீட்டுத் தீக்கும் திருட்டுக்கும்
விலை போட்டுக்கொண்டிருந்தேன்.
ஒரு மார்ச்சில் எழுந்து வந்துவிட்டேன்.
உத்தேனாவுக்கு வடக்கே இரண்டு ஏக்கர், ஒரு கிணறு,
வங்கிக் கடன்.
நத்தை வளர்க்கப்போகிறேன் என்றதும்
அண்ணன் கேட்டான்:
"கோழி என்ன பாவம் செய்தது?"

நத்தையைப் பற்றிக் கேட்க
அந்த வட்டாரத்தில் ஆளில்லை.
கைபேசிக்குள் இருந்தார்கள்,
ஃபேஸ்புக் குழுவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
பேருந்து ஓட்டியவர், பல் பிடுங்கியவர்,
அயர்லாந்தில் காளான் பறித்துத் திரும்பிய தம்பதி.
எல்லோருக்கும் அது முதல் நத்தை,
பலருக்கு முதல் மண்.

ஜூனில் ஒரு மழை இரவு
வேலி ஏறிவிட்டன.
நத்தை வேகம் என்று சிரிப்பவர்களை
டார்ச்சோடு என் தோட்டத்தில் விட வேண்டும்.
நாற்பதாயிரம் நிதானம் ஒன்றுசேர்ந்தால்
அதற்குப் பெயர் ஓட்டம்.

ஈரக் கட்டைவிரலால் எழுதினேன்:
"போகின்றன."

ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டார்.
ஒருவர் மின்கம்பி விற்பதாகச் சொன்னார்.
இரண்டு பத்துக்கு வித்மந்தாஸ்:
"உப்பைக் கொழுப்பில் குழை.
வேலியின் மேல்விளிம்பில் இரண்டு விரல் அகலம் பூசு.
வெறும் உப்பைத் தூவிவிடாதே, செத்துப்போகும்."

வீட்டிலிருந்த பன்றிக்கொழுப்பு அத்தனையும் தீர்ந்தது.
விடியும்போது அந்தக் கோட்டுக்குக் கீழே
கொம்புகளை உள்ளிழுத்து
திரும்பிக்கொண்டிருந்தன.

அதன்பின் எதற்கும் அவன்தான்.
மண்ணைப் படமெடுத்து அனுப்பினால்
"சுண்ணாம்பு போதாது" என்பான்.
செப்டம்பரில் எழுதினான்:
"ஓட்டின் வாயைத் தடவிப் பார்.
விரலுக்கு வளைந்தால் இன்னும் குழந்தை.
உதடு வெளியே மடிந்து இறுகியிருந்தால் எடு."
குழுவில் அவனுக்குப் பேராசிரியர் என்று பெயர்.
முகப்புப் படத்தில் முகமில்லை,
ஒரு கதவு.

அக்டோபரில் அறுநூற்று நாற்பது கிலோ
குளிர்வண்டியில் ஏறியது.
நன்றி சொல்ல முகவரி கேட்டேன்.
மூன்று முறை நழுவினான்.

ஷவுலேயில், நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை.
இருபத்து மூன்று வயதுப் பையன்.
மிதிவண்டித் தொழிற்சாலையில் இரவுக் காவல்.
சமையலறை ஜன்னலில் ஒரு கண்ணாடித் தொட்டி,
அதில் ஆறு நத்தைகள்.
பக்கத்தில் நகைத் தராசு,
நாள் தவறாமல் எடை எழுதிய நோட்டு.

"பண்ணை?" என்றேன்.
"இதுதான்" என்றான்,
காது வரை சிவந்து.

எனக்குள் இருந்த காப்பீட்டுக்காரி
நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டாள்:
ஆறு நத்தைக்காரன் பேச்சை நம்பி
எத்தனை யூரோ.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதாம்.
என் கறி மிலானுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

கொண்டுபோன பெட்டியைத் திறந்து
ஒன்றை எடுத்தான்.
கட்டைவிரலை விளிம்பில் ஓட்டினான்,
இன்னொரு முறை, இன்னும் மெதுவாக.
"இவ்வளவு கெட்டியாகவா இருக்கும்?
என்னுடையவை எதுவும் இன்னும் மடிக்கவில்லை."

குழுவில் சொல்லிவிடாதீர்கள் என்று
அவன் கேட்கவில்லை.
காப்பி ஆறும்வரை
கேட்பான் என்று காத்திருந்தேன்.

அடுத்த ஜூன்.
பிர்ஜேயிலிருந்து யாரோ புதியவள்,
இரவு ஒன்றே முக்காலுக்கு:
"ஐயோ, வேலி ஏறுகின்றன!"
வித்மந்தாஸ் எழுதிக்கொண்டிருப்பதாக
மூன்று புள்ளிகள் துடித்தன.
கொழுப்பு, உப்பு, இரண்டு விரல்.

அதன் கீழே நான் எழுதினேன்:
"சரிதான். பூசிப் பார்த்திருக்கிறேன்.
கொழுப்பு மட்டும்
நிறைய வாங்கி வை."