வெளிப்படை

உலான்பாத்தரில் ஜனவரி.
டிராலிபஸ் ஜன்னலில்
உள்பக்கமே உறைந்திருக்கும் பனி.
ஹுலான் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
நகத்தால் புள்ளி வைக்கத் தொடங்குவாள்.

"நூறு சிவப்பு, நூறு நீலம்.
எந்த மூன்றும் ஒரே கோட்டில் இல்லை.
ஒவ்வொரு சிவப்புக்கும் ஒரு நீலம் கொடு.
கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது.
எப்போதும் முடியுமா?"

பனியில் ஏது சிவப்பு, ஏது நீலம்.
எது எது என்று நான்தான் நினைவில் வைக்க வேண்டும்.
முடியாது என்றேன்.
இரண்டு நிறுத்தம் கழித்து, முடியலாம் என்றேன்.
"லாம் என்பதற்கு மார்க் இல்லை" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில்
தம்பி துகுல்துரின் ஆட்டுக் கணுக்கால் எலும்புகளைத் தரையில் கொட்டினோம்.
பாதிக்கு நகச்சாயம், பாதிக்குப் பேனா மை.
அவன் அழுதான்.
அடுப்பில் நிலக்கரி புகைந்தது.
எலும்புக்கு எலும்பு நூல் கட்டிக்கொண்டே போனோம்.

வெட்டிக்கொண்ட இரண்டு நூலை அவிழ்த்து
ஜோடி மாற்றிக் கட்டியபோது
மிச்சம் விழுந்தது நூல்.
ஒவ்வொரு முறையும் மிச்சம் விழுந்தது.
முக்கோணத்தில் இரண்டு பக்கம் சேர்ந்தால்
மூன்றாவதைவிட நீளம்.
அவ்வளவுதான் விஷயம்!
மிகக் குறைந்த நூலில் கட்டினால் வெட்டே இருக்காது.

நான் எழுந்து நின்றதில் உப்புத் தேநீர் கவிழ்ந்தது.

"உட்கார். மிகக் குறைந்தது என்று ஒன்று
இருக்கிறதென்று உனக்கு யார் சொன்னது?"

"வெளிப்படைதானே."

"வெளிப்படை என்று எழுதுகிற இடத்தில்தான்
ஓட்டை இருக்கும்.
ஜோடி சேர்க்கும் வழிகள் எண்ணி முடிகிறவை.
எண்ணி முடிவதால் அவற்றில் சிறியது ஒன்று உண்டு.
ஒரே வரி. எழுது."

எழுதினேன்.
அதன் பிறகு வந்த மூன்று மாதத்தில்
எத்தனையோ எழுதினேன், கிழித்தேன்,
வட்டங்களைக் கனவிலும் வரைந்தேன்,
காம்பஸ் முனை குத்திய விரலோடு
ரொட்டி பிய்த்துத் தின்றேன்.
அந்த வரி மட்டும் கையிலேயே தங்கிவிட்டது,
வீட்டுப் பூட்டைத் திருகும் பழக்கம் போல.

ஏப்ரலில் தேர்வு.
இரண்டு நாள், நாளுக்கு நாலரை மணி நேரம்.
அணியில் ஆறு இடம்.
முதல் நாள் முதல் கணக்கில்
எங்கள் புள்ளிகளே வேறு சட்டை போட்டு வந்திருந்தன:
கிணறுகள், கூடாரங்கள்,
குறுக்கிடாத பாதைகள்.
நான் நிமிர்ந்து பார்த்தேன்.
மூன்று வரிசை முன்னால்
அவள் அதை முடித்துத் தாளைத் திருப்பிவிட்டிருந்தாள்.

இரண்டாம் நாள் மூன்றாவதை அந்த அறையில்
அவள் ஒருத்திதான் போட்டாள்.
நான் அதன் பக்கம்கூடப் போகவில்லை.

நடைவழிச் சுவரில் பட்டியல்.
எனக்கு முப்பத்தொன்று. ஆறாவது.
அவளுக்கு முப்பது.

முதல் கணக்கில் ஏழுக்கு ஐந்து.
விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம்.
அவசரத்திலும் அழகான கையெழுத்து.
'வெளிப்படையாக, இவற்றுள் மிகச் சிறியது ஒன்று உண்டு.'
அந்த ஒரு சொல்லின் கீழே
பென்சிலால் மெல்லிய அடிக்கோடு.

முறையீடு செய்யலாம் என்றேன்.
வேண்டுமென்றே மெதுவாகச் சொன்னேனோ என்னவோ.

"எதற்கு? சரியாகத்தான் திருத்தியிருக்கிறார்கள்.
நானாக இருந்தாலும் இரண்டு குறைத்திருப்பேன்."

திரும்பும் பஸ்ஸில் கண்ணாடி வெறுமையாக இருந்தது.
பனி போய்விட்டது; புழுதி வெளிப்பக்கம்.
பழக்கத்தில் அவள் விரல் மேலே போய்
எதிலும் பதியாமல் இறங்கியது.
இது அவளுக்குக் கடைசி வருடம்.

என்ன சொல்வது?
எனக்குத் தெரிந்த சொற்கள் எண்ணி முடிகிறவைதான்.
அவற்றில் குறைவாக வலிப்பது ஒன்று
இருந்தே ஆக வேண்டும்.
இருக்கிறது என்று நிரூபிப்பது வேறு,
கண்டுபிடிப்பது வேறு.

அவள்தான் கேட்டாள்:
"கடைசிக் கணக்குக்கு நீ என்ன எழுதினாய்?"

"பெயர்."

சிரித்தாள்.
என் உள்ளங்கையை இழுத்து மடியில் விரித்து
பேனாவால் ஒரு வட்டம் போட்டாள்.
"இங்கே ஒரு தொடுகோடு. இனி கவனி..."

அவள் இறங்க வேண்டிய நிறுத்தம்
வந்தது, கதவு திறந்தது, மூடியது.
இருவருமே பார்த்தோம்.