ஆறு இலக்கம்

மின்தூக்கிப் பக்கம் அறிவிப்பு ஒட்டியாயிற்று:
ஏழாம் மாடி, உடைப்பு வேலை, மூன்று நாள் சத்தம்.
இது பதினொன்றாம் நாள்.
எதிர்வீட்டு ரொகாயா ஒரு காதைப் பொத்திக்கொண்டே
கேக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

குளியலறையில் குந்தி
குழம்புச் சட்டி தேய்க்கிறேன்.
ஷாம்பு போத்தலுக்குப் பக்கத்தில் புளி.
சோறு வேகிறது படுக்கையறையில்.
கதிரேசனின் சட்டைகளில் ரசம் ஏறிவிட்டது;
"எம்ஆர்டியில் ஒருத்தர் தள்ளி உட்கார்ந்தார்" என்கிறார்,
ஏதோ சட்டையை நான்தான் தாளித்தது போல.

தூசி
மூடிய டப்பாவுக்குள்ளும் போயிருக்கிறது.
சீனியா சிமெண்டா,
நக்கித்தான் பார்க்கவேண்டும்.

எங்கள் வெள்ளை டைலுக்குக் கீழே
பழுப்புப் பூப்போட்ட டைல்.
அதற்கும் கீழே பச்சை.
பச்சையையும் பெயர்த்தால் வெறும் சுவரில், பென்சிலில்,
ஆறு இலக்கம்.
தோ பாயோவுக்கு ஆறு இலக்கமே போதுமாயிருந்த காலத்தில்
யாரோ அவசரமாக எழுதிய தொலைபேசி எண்.
ஏழு மட்டும் அழுந்தியிருக்கிறது.
எரிவாயுக் கடையா, கொழுந்தன் வீடா,
தெரியாது.
முன்னால் இரண்டு எண் சேர்த்து அழைத்தால்
யாராவது எடுக்கலாம்.
எடுத்து?

நாளை புது டைல் பதிக்கிறார்கள்.
இரவு, கைப்பேசி வெளிச்சத்தில்,
அதற்குக் கீழே
என் எட்டு இலக்கத்தை எழுதிவைத்தேன்.

காலையில் குத்தகையாளர் கோக் வா
அளவுநாடாவை நீட்டிப் பிடித்தபடி
சுவரைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
"மேடம், இது மில்லிமீட்டரா?"