தன்மை ஒருமை

புதுக்கடை நீதிமன்றத்தில் பதினாறு வருடமாக
என் வாயில் "நான்" இருக்கிறது.
நான் சங்கிலியை அறுத்தேன்.
நான் அன்றைக்கு வீட்டிலேயே இல்லை.
நான் அவளை அடிக்கவில்லை, தள்ளினேன், அவ்வளவுதான்.
எல்லாம் தமிழில் கேட்டுச் சிங்களத்தில் சொன்னவை.
சத்தியம் செய்துதான் சொன்னேன்.
ஒன்றும் என்னுடையதில்லை.

பம்பலப்பிட்டியில், கடலுக்குப் போகும் ஒழுங்கையில்,
பல் வைத்தியருக்கு மேல்மாடியில்
நஸ்லியாவின் அறை.
கோச்சி போனால் யன்னல் கண்ணாடி நடுங்கும்.
இந்த முறைக்கு என்ன பேர் என்று முதல் கிழமையே கேட்டேன்.
கெஸ்டால்ட் என்றாள். ஜெர்மன் சொல்லாம்.
தொழில் புத்தி, உடனே மொழிபெயர்க்கப் பார்த்தேன்:
உரு. முழு உரு.
துண்டு துண்டாய்க் கிடப்பது
ஒன்றாய்த் தெரிகிற அந்த...
"அத விடுங்க, கொன்சி," என்றாள்.
"இப்ப ஒங்கட கை என்ன செய்யுது?"

கைப்பை வாரை முறுக்கிக்கொண்டிருந்தது.
"முறுக்குது," என்றேன்.
"யாரு?"
"கை."
"கை யாருட?"
இரண்டு கோச்சிகள் போயின.
"நான் முறுக்குறேன்."

தமிழ் எனக்கு நல்ல மறைவிடம்.
கோபம் வருகிறது, பயம் வருகிறது, அழுகை வருகிறது,
எல்லாம் தாங்களாகவே வருகின்றன.
நான் கதவைத் திறந்துவிட்டவள் மட்டும்.
"வருதா? எந்த பஸ்ஸில? நூத்தியொன்னுலயா?"
"சிரிப்பு வருது" என்று தொடங்கி
"சிரிக்கிறேன்" என்று திருத்தினேன்.
அது வேறு சிரிப்பாக இருந்தது.

ஆறாம் கிழமை ஒரு வெறுங்கதிரையை
எனக்கு முன்னால் இழுத்துப் போட்டாள்.
யாருக்கு என்று சொல்லவில்லை.
அவன் வந்து இருந்தான்.
முகத்துவாரத்துப் பொடியன், ரொஷாந்தன், பத்தொன்பது வயது.
"கத்தியப் போட்டேன்" என்றான் அன்றைக்குக் கூண்டில்.
கீழே போட்டானா? ஆளுக்குப் போட்டானா?
பன்னிரண்டு இருபது. நீதவான் மணிக்கூட்டைப் பார்த்தார்.
நான் ஒரு சொல்லைத் தெரிந்தெடுத்தேன்.
இரண்டரை வருடம்.

"பிழை நடந்து போச்சு," என்றேன் கதிரைக்கு.
நஸ்லியா பேசவில்லை.
கீழே யாருக்கோ பல் துளைக்கும் சத்தம்.
"பிழைபட்டுப் போச்சு, தம்பி."
சத்தம் நின்றது.
"நான் பிழை விட்டேன்.
ரெண்டு கருத்தும் எனக்குத் தெரியும்.
நான் கேக்கல."

பிறகு மாறி இருக்கச் சொன்னாள்.
அவன் கதிரையில் இருந்தேன்.
பிறத்தியாரின் "நான்" எனக்குப் பழக்கம்தானே.
சாபமா, கருணை மனுவா, எதுவும் தயார்.
வாயைத் திறந்தால் வேறொன்று வந்தது:
"நீங்க அன்னைக்குத் தண்ணி குடிச்சீங்க, மிஸ்.
சொல்ல முந்தி.
நான் பாத்தேன்."

மன்னித்தானா என்று கேட்காதீர்கள்.
அவன் இப்போது எங்கே என்றே தெரியாது.
கதிரை மன்னிக்காது, அது பிளாஸ்டிக்.
படியிறங்கி மரைன் டிரைவுக்கு வந்தேன்.
ஒரு செருப்பின் வார் கடித்துக்கொண்டிருந்தது,
எத்தனை மாதமாகவோ.
உதட்டில் உப்பு. இறால் வடை வாங்கினேன்.
சுட்டது. ஊதி ஊதித் தின்றேன்.

போன செவ்வாய், மூன்றாம் இலக்க நீதிமன்றம்.
சாட்சிக்காரப் பெண் "விட்டுட்டேன்" என்றாள்.
கையை விட்டாளா, ஆளை விட்டாளா,
வழக்கையே விட்டாளா?
என் பக்கத்தில் தண்ணீர்க் கிளாஸ்.
தொண்டை காய்ந்திருந்தது.
காய்ந்த தொண்டையோடு எழும்பினேன்.
கனம் நீதவான் அவர்களே,
அந்தச் சொல்லுக்கு ஒரு கருத்தில்லை,
நான் அவரிடம் திரும்பக் கேட்க வேண்டும்.

சட்டத்தரணி பேனாவை மேசையில் போட்டார்.
தட்டச்சுக்காரி நிமிர்ந்தாள்:
"இத யார் சொன்னதுன்னு அடிக்க? சாட்சியா?"
இல்லை, என்றேன்.
நான்.
அவள் விரல்கள் எழுத்துகளுக்கு மேலே
கொஞ்ச நேரம் நின்றன.