கரும்புள்ளி

கிள்ளை. விடியுமுன் அறுவடை.
ஏரியேட்டரை நிறுத்தியதும் கழிமுகம் கேட்டது.
ஐஸ் லாரிதான் வரவில்லை.

இறாலுக்கு நேற்றைய நோய் ஞாபகமிருக்காது.
ஓடு கீறிய இடத்தில் மை கொட்டி
அடைத்துவிடும், அவ்வளவுதான்.
மைக்கூட்டைத் திறக்க ஒரு நொதி.
போதும் போதுமென்று
அதன் கையைப் பிடிக்க இன்னொன்று.
பிடி நழுவினால் சொந்த உடம்பே கரி.

பத்து மணி வெயிலில் தையல்நாயகி
தலை கறுத்ததையெல்லாம் தனியே எறிந்தாள்.
"கிலோவுக்கு நாப்பது கொறைப்பான் பாரு."

செத்துப்போனதை
யாரும் நொதியிடம் சொல்லவில்லை.
கை பிடிக்கவும் ஆளில்லாமல்
அது பாட்டுக்குக் காவல் காக்கிறது.

பரங்கிப்பேட்டை லேபுக்கென்று
காலையில் குத்தியெடுத்த
ஒரு சொட்டு நீல ரத்தம்
என் சட்டைப்பை ஊசிக்குள்
கறுக்கத் தொடங்கியிருந்தது.