மூன்றில் ஒரு பங்கு

அறுநூறு விண்ணப்பம், நாற்பது இடம் என்று
பெயர் அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டவள்
வானிலை சொல்வதுபோலச் சொன்னாள்.
டல்சா. மார்ச் மாதம்.
வெளியே காற்று கொடிக்கம்பத்துக் கயிற்றைப் பிடித்து
டங் டங்கென்று அடித்துக்கொண்டிருந்தது.
போங்கா சிட்டியிலிருந்து இருட்டோடு கிளம்பி
தொண்ணூறு மைல் ஓட்டி வந்திருந்தேன்.
பதினோரு வருஷம் வங்கியில் ஊரார் பணம் எண்ணியவள்.
போட்டிருந்த கோட்டு என் தங்கை நோரீனுடையது,
தோளில் பிடித்தது.

ஆளுக்கு ஐந்து நிமிடப் பாடம்.
ஒருவர் நடத்த, மற்ற ஏழு பேரும் பிள்ளைகள்.
பிள்ளைகளுக்கும் சீட்டு உண்டு:
நீ ஓயாமல் பேசுகிறவன்,
நீ கழிப்பறைக்குப் போகக் கேட்பவள்.
என் சீட்டில்,
உனக்குப் புரியவில்லை.
புரியவில்லை என்று சொல்லவும் மாட்டாய்.

வெஸ்லி ஓக்ஸ் எழுந்தான்.
குளிர்சாதனம் பழுதுபார்ப்பவனாம்.
காலணி விளிம்பில் செம்மண்.
மூன்றில் ஒன்றா, நாலில் ஒன்றா, எது பெரிசு என்றான்.
சுவரோரம் மூன்று பேர்
மடியில் பலகையோடு மதிப்பெண் போட்டார்கள்.

கொஞ்சம் கூடவே நடித்தால் இவன் நேரம் கரையும்,
இடம் ஒன்று மிஞ்சும் என்று நினைத்தேன்.
நினைக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.
மேசையில் தலையைக் கவிழ்த்தேன்.

எலுமிச்சை வாசனை. எல்லாப் பள்ளியிலும்
இதே திரவத்தில்தான் துடைக்கிறார்கள் போல.
நாலாம் வகுப்பில், வயிற்று வலி என்று சொல்லி
ஒரு குளிர்காலம் முழுக்கக் கவிழ்ந்திருந்தேன்.
நாலு பெரிசு, மூணு சின்னது,
அப்புறம் எப்படி மூன்றில் ஒன்று பெரிசாகும்?
யாரிடம் கேட்பது?
சீட்டு எங்கே முடிந்தது, நான் எங்கே தொடங்கினேன்,
தெரியவில்லை.

அவன் வந்து தரையில் உட்கார்ந்தான்.
புரிகிறதா என்று கேட்கவில்லை.
"எவ்வளவு பசி?" என்றான்.
கையிலிருந்த பாடக் குறிப்பை நீளவாக்கில் கிழித்தான்,
மூன்றாக, அதுவும் கோணலாக.
"மூணு பேர்தான். இந்தா, உன் பீட்சா.
இப்போ இன்னொருத்தன் கதவைத் தட்டறான்."
"ஐயோ" என்றேன்.
சீட்டில் அது இல்லை.
"ஏன் ஐயோ?"
"எனக்குக் குறையுமே."

மணி அடித்துவிட்டது.
பலகையில் அவன் வரைந்து வைத்திருந்த கட்டங்கள்
தொடப்படாமல் நின்றன.
மூவரில் ஒருத்தி மட்டும்
வெகுநேரம் எழுதிக்கொண்டிருந்தாள்.

என் பாடம் மழை எப்படி வருகிறது என்பது.
காந்தம் ஒட்டிய மேகம், அம்புக்குறி, நீலத்தில் கடல்.
நாலு நிமிடம் ஐம்பது நொடி.
பேசுகிறவன் பேசினான், ஒரு பார்வையில் அடக்கினேன்.
கழிப்பறைக்காரியை அனுப்பிவைத்தேன்.
எல்லோரும் சிரித்தார்கள், நல்ல விதமாகத்தான்.

தனி அறையில் கேட்டார்கள்:
இன்று எதை வேறு மாதிரி செய்திருப்பீர்கள்?
இன்னும் நிதானமாக என்றேன்.
காரில் மனப்பாடம் செய்த பதில்.

வண்டி நிறுத்துமிடத்தில்
வெஸ்லி கூரைமேல் ஏணியைக் கட்டிக்கொண்டிருந்தான்.
மதியம் ஒரு வீட்டில் வேலை இருக்கிறதாம்.
"நல்லா நடிச்சீங்க" என்றான்.
"ஆமா" என்றேன்.

பானி ஊர் தாண்டி பெட்ரோல் போட நிறுத்தி
அட்டைக்காகக் கோட்டுப் பையில் கைவிட்டால்
என் பீட்சா.
பென்சில் கையெழுத்து, கிழிசலில் பாதி வரி:
முதலில் எல்லோர் பெயரையும் கே

மீதி எழுத்து அவனிடம் இருக்கும்,
அல்லது அந்தத் தரையில்.

என் ஏழு பிள்ளைகளை நினைத்துப் பார்த்தேன்.
பேசுகிறவன். கழிப்பறைக்காரி.
பென்சிலைக் கீழே போட்டுக்கொண்டே இருந்தவன்.
எல்லோர் கழுத்திலும் பெயர் தொங்கியது,
கொட்டை கொட்டையாக.

நோரீன் அழைத்தாள். எப்படிப் போச்சு?
நல்லா போச்சு என்றேன்.
பெட்ரோல் குழாய் டக்கென்று தானாக நின்றது.
நான் பிடியை விடாமல்
இன்னும் அழுத்திக்கொண்டிருந்தேன்.